செம்பாறைக்கு எத்தனை டொக்டர்

ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் பழைய கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று கேட்பவைதான். போன மாதம் வந்தது வேறு மாதிரி. என் மேசையில் இப்போது இருக்கும் தம்பி, பட்டம் முடித்து நேரே வேலைக்கு வந்தவர், கேட்டார்.

"மேடம், புதுசா ஒரு சொஃப்ட்வெயார் குடுத்திருக்காங்க. இன்னும் பத்து வருசத்துல எத்தன டொக்டர் பத்தாம வரும், எத்தன பேர் மிச்சமா வருவாங்கன்னு அதுவே போட்டுத் தருது. ஆனா நாட்ட விட்டுப் போறவங்க எத்தன பேருன்னு மட்டும் நாமதான் குடுக்கணுமாம். நீங்க அத எப்படிங்க போட்டீங்க?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். இன்னும் கூப்பிடவில்லை. அவர் கேட்டது நல்ல கேள்விதான். அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதினால் முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா ஃபெக்டரியில், அம்மா மலையில் கொழுந்து பறிப்பதில். தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு ஹட்டனில் உயர்தரம், வெளிவாரியாக ஒரு பட்டம், கொஞ்சக் காலம் கணக்கு ஆசிரியை. அதன்பின் போட்டிப் பரீட்சை எழுதிச் சுகாதாரத் துறையின் திட்டமிடல் பிரிவு ஒன்றில் சேர்ந்தேன். மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனை டொக்டர்மார் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேண்டும், வரும் ஆண்டுகளில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று பார்த்துச் சொல்வது வேலை. ஊசி போடத் தெரியாது, காயம் கட்டத் தெரியாது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் எந்த டொக்டர் எப்போது வந்தார், எப்போது போனார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளிகளைப் பார்ப்பதை விட்டு நிர்வாகத்துக்கு வந்தவர். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கதிரையில் உட்காரும் முன்பே, "எங்கை பிள்ளை, வாசியும்" என்பார். நான் தயாரித்த அட்டவணையை அவர் கண்ணால் பார்க்கமாட்டார். ஒவ்வொரு வரியாக நான் சத்தமாக வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். ஓர் இடத்தில் பொருந்தாத எண் வந்தால் புருவம் மட்டும் அசையும்.

"கழிச்சுப்போட்டுக் கூட்டும் பிள்ளை. கூட்டிப்போட்டுக் கழிச்சால் மனம் ஏமாத்தும்" என்பது அவர் வழக்கம். முதலில் இப்போது வேலையில் இருப்பவர்களை எடுக்க வேண்டும். ஓய்வு பெறப்போகிறவர்கள், மேற்படிப்புக்குப் போகிறவர்கள், இடமாற்றம் கேட்டுக் காத்திருப்பவர்கள், நாட்டை விட்டுப் போகக்கூடியவர்கள் எல்லாரையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சி முடித்து வரப்போகிற பிள்ளைகளைக் கூட்டலாம். நான் ஆரம்பத்தில் புதியவர்களை முதலில் சேர்த்துவிடுவேன். தொகை பெரிதாகத் தெரியும், சந்தோசமாக இருக்கும். அவர் கண்ணை மூடியபடியே, "திரும்ப" என்பார். திட்டமாட்டார். அந்த ஒரு சொல்தான்.

இருப்பவர்களை எண்ணுவது அப்படி. தேவையை எண்ணுவதற்கு வேறு முறை இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தவர்களின் தொகையை எடுத்து, ஒரு டொக்டர் இத்தனை பேரைப் பார்க்கலாம் என்ற அளவால் வகுக்க வேண்டும். நாடு முழுவதும் அதே முறைதான். கொழும்பிலும் அப்படித்தான், எங்கள் மலையிலும் அப்படித்தான்.

ஒரு நாள் நான் வாசித்துக்கொண்டே போனேன். செம்பாறைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது. பல தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரி. டொக்டர் இரண்டு, தேவை ஒன்று, மிகை ஒன்று என்று வாசித்துவிட்டு என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"ஏன் சிரிக்கிறீர்?"

"சேர், அங்க வார நாள்ல யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாங்க. போனா பேர் விழாது."

"பேர் விழாதெண்டால்?"

தோட்டத்தில் ஒரு நாள் கூலி வேலையை ஒரு பேர் என்பார்கள். காய்ச்சல் என்று மலையை விட்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினால் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கூடை நிறையாது. அரைப் பேர்தான் கிடைக்கும், அல்லது அதுவும் கிடைக்காது. அதனால் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தவள் சாக்கைச் சுற்றிக்கொண்டு சனிக்கிழமை வரை பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளர் பிரிவு பூட்டு. வராந்தாவில் கூடி நிற்பவர்களை, வார்டுக்கு வருகிற டொக்டர் மனமிரங்கிப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்புவார். கிளினிக் நடக்காத நாளில் வந்தவர்கள் என்பதால் அவர்களை யாரும் எண்ணுவதில்லை. என் அம்மாவும் அப்படித்தான் வராந்தாவில் நின்றிருக்கிறாள். எனக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரித் தெரிந்த விஷயம். டொக்டர் சிவபாலனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வாற ஞாயிறு போவம்" என்றார்.

போனோம். வராந்தாவில் நிற்க இடமில்லை, படிகளில் இறங்கி முற்றம் வரை ஆட்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு, முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"எத்தினை நாளாய்க் காய்ச்சல், அம்மா?"

"செவ்வாக்கெழமையிலருந்துங்க ஐயா."

"அப்ப ஏன் செவ்வாய்க்கிழமை வரேல்லை?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா மலைக்குப் புதுசுங்களா?"

வராந்தா முழுக்கச் சிரித்தது. பின்னால் ஒரு கிழவர், "ஐயாவுக்கு ஒரு கூடையக் கட்டி விடுங்கடி, தெரிஞ்சுக்கட்டும்" என்றார். டொக்டர் சிவபாலனும் சிரித்தார். திரும்பி வரும் வழியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, "இவ்வளவு சனம் பிள்ளை, ஆரும் எங்கடை கணக்கிலை இல்லை" என்றார்.

அவர் மேலிடத்துக்கு எழுதினார். தேவையை வந்தவர்களை வைத்து மட்டும் எண்ணக்கூடாது, வர முடியாதவர்களையும் எண்ண வேண்டும், தோட்டப்பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளர் பிரிவு வேண்டும் என்று விளக்கமாக எழுதினார். ஓர் இடத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் நாட்டுக்குத் திட்டமே போட முடியாது என்று பதில் வந்தது. மரியாதையான பதில். அந்த நாட்களில் மேலிடத்தில் எல்லாரும் வேறொரு கவலையில் இருந்தார்கள். மருத்துவ பீடங்கள் கூடிவிட்டன, வெளிநாட்டில் படித்தும் பிள்ளைகள் வருகிறார்கள், சீக்கிரமே டொக்டர்மார் வேலையில்லாமல் நிற்கப்போகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். மிகை என்ற சொல்லை அதற்கு முன் நான் அவ்வளவு கேட்டதில்லை. செம்பாறையின் இரண்டாவது டொக்டர் இடம் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றப்பட்டது. டொக்டர் சிவபாலன் வயது வந்து ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

பல வருடங்கள் கழித்து, நாட்டில் டொலர் இல்லாமல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. நாட்டை விட்டுப் போகிறவர்கள் என்ற வரிக்கு நாங்கள் எப்போதும் பழைய ஆண்டுகளின் சராசரியைத்தான் எழுதுவோம். தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான். சராசரி. அந்தக் காலத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. காலையில் நான் ஓர் ஆஸ்பத்திரிக்கு இருவர் என்று எழுதுவேன், பின்னேரம் அங்கிருந்து ஒருவரின் விலகல் கடிதம் வரும். எல்லாக் கடிதத்திலும் தனிப்பட்ட காரணங்கள் என்றே எழுதியிருக்கும். மிஞ்சப்போகிறார்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள், பயிற்சி முடித்த கையோடு விமான நிலையத்துக்குப் போனார்கள்.

என் மகள் சர்மிளா அப்போதுதான் பயிற்சியை முடித்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. என் கணவர் ஹட்டனில் ஆசிரியர். லயத்திலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை டொக்டர் ஆவது என்றால் என்னவென்று நான் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. கண்டியிலோ கொழும்பிலோ இடம் எடுக்கக்கூடிய அளவுக்கு அவளுக்குப் புள்ளிகள் இருந்தன. அவள் செம்பாறையைக் கேட்டு வாங்கினாள்.

"ஏன் புள்ள, அங்க ஒத்தையில கிடந்து என்ன செய்வ?"

"நீங்கதானம்மா சின்ன வயசுலருந்து செம்பாறை, செம்பாறைன்னு வீட்டுல புலம்பிக்கிட்டே இருப்பீங்க. இப்ப நான் போறேன்னா ஏன் மொகம் சுருங்குது?"

"நான் ரெண்டு டொக்டர் வேணும்னு சொன்னேன். நீ ஒரு ஆள்தானே."

"ரெண்டாவது ஆளுக்கு நீங்க வெள்ளக்கோட்ட மாட்டிக்கிட்டு வாங்க" என்று சிரித்தாள்.

போனதும் அவள் செய்த முதல் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநோயாளர் பிரிவைத் திறந்ததுதான். உத்தரவு இல்லாமல், தன் ஓய்வு நாளில், ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு திறந்தாள். வாரத்தில் எந்த நாளும் ஓய்வில்லை. நான் சனிக்கிழமைகளில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். போகும்போதெல்லாம் அவள் கொஞ்சம் மெலிந்திருப்பாள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது நடந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன். கொழுந்து லொறி ஹோர்னை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் ஏறி நின்றது. பின்னால் கொழுந்து இல்லை, பெண்கள். பாறை இடுக்கில் இருந்த குளவிக் கூடு கலைந்து, நிரையாக நின்று பறித்த எல்லாரையும் குளவிகள் கொட்டியிருந்தன. முகங்கள் வீங்கிக் கண் தெரியாமல் சிலர், தலைமுடிக்குள் இன்னும் குளவி சிக்கிக் கத்துகிறவர்கள் சிலர். கங்காணி தன் சட்டையைக் கழற்றி யாருக்கோ போர்த்தியிருந்தார்.

"டொக்டரம்மா, இதுக்கு மூச்சு வாங்குது, மொதல்ல இதப் பாருங்க!"

"என் மகளப் பாருங்கம்மா, பேச்சு வரல!"

சர்மிளா கத்தவில்லை. யாரைக் கட்டிலில் போடுவது, யாரை நீள மர வாங்கில் உட்காரவைப்பது என்று கையாலேயே காட்டினாள். நர்ஸ் ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் சாப்பாட்டுப் பெட்டியோடு வாங்கின் ஓரத்தில் நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். லெட்சுமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும்.

"டொக்டரோட அம்மாதானே நீங்க? மொகச் சாடை அப்படியே இருக்கு. சோறு கொண்டாந்தீங்களா? அது எங்கங்க இன்னைக்குத் திங்கப்போவுது."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்னங்க, ரெண்டு மூணுதான் கொட்டிச்சு. அந்தச் சின்னவளப் பாக்கட்டும். இன்னும் கல்யாணம் ஆகல அதுக்கு."

சின்னவள் என்று அவள் காட்டிய பெண்ணுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சர்மிளா அவளுடைய தலையைச் சாய்த்து வாய்க்குள் குழாயை இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் லெட்சுமி பேசுவதை நிறுத்தினாள். அவள் கை என் சேலையிலிருந்து நழுவியது. நான் திரும்பிப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. "சர்மி!" என்று கூப்பிட்டேன். டொக்டர் என்று கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்க முடியாது. எடுத்தால் கட்டிலில் இருப்பவள் போய்விடுவாள். அவள் என்னைப் பார்த்தாள், லெட்சுமியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டாள், ஒட்சிசன் வைத்தாள். ஆனால் லெட்சுமிக்கும் தொண்டை அடைத்திருந்தது. குழாய் இறக்கத் தெரிந்த கைகள் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டுதான் இருந்தன.

சின்னவள் பிழைத்தாள். லெட்சுமி அந்த வாங்கிலேயே போய்விட்டாள்.

யாரும் சர்மிளாவைக் குற்றம் சொல்லவில்லை. கல் எறியவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். காரியமெல்லாம் முடிந்து லெட்சுமியின் கணவர் தங்கராஜ் பிரஷர் மருந்துக்கு வந்தாராம். இவள் தலை நிமிராமல் மருந்து எழுதினாளாம். எழுந்து போகும்போது அவர், "நீங்க என்னம்மா செய்வீங்க, உங்களுக்கும் ரெண்டு கைதானே" என்று சொல்லியிருக்கிறார். அன்று அவள் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே அழுகை கேட்டது.

நான் அலுவலகத்தில் செம்பாறையின் இரண்டாவது இடத்தைத் திரும்பக் கேட்டேன். புதிதாக வந்திருந்த தலைவர் கெட்டவரல்ல. எனக்குத் தேநீர் வரவழைத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: ஒரு நாளில் நடந்ததை வைத்து ஓர் ஆண்டைத் திட்டமிட முடியாது, அப்படியே இடத்தைத் தந்தாலும் அதில் போட அவரிடம் ஆள் இல்லை. இரண்டும் உண்மை. சராசரியில் குளவி வராது. அது வருகிற நாளில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கொண்டு வரும்.

அதன் பிறகு சர்மிளா சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். லொறிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். அவளோடு படித்தவர்கள் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே டொக்டராக வேலை செய்வதற்கான பரீட்சையை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் குசினியில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? ஒபிஸ் ஆளாச் சொல்ல வேணாம். அம்மாவாச் சொல்லுங்க."

"கேளு."

"நான் இருக்கவா, போகவா?"

நான் நிமிரவில்லை. இந்த மலைக்கு ஒரு டொக்டரைப் பெற்றுத் தருவதற்காக எத்தனையோ காலம் வாசித்தவள், எழுதியவள், தேநீர் குடித்துத் திரும்பியவள் நான். அவள் போனால் செம்பாறையில் மிஞ்சுவது எத்தனை என்று எனக்குக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. வாங்கில் உட்கார்ந்திருந்த லெட்சுமி, எனக்கென்னங்க என்று சொன்னது காதில் கேட்டது. என் மகளும் இப்போது யார் கேட்டாலும் எனக்கென்ன என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போயிரு புள்ள" என்றேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நீங்க இருன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் கடிதத்திலும் தனிப்பட்ட காரணங்கள் என்றுதான் இருந்தது. என் மேசைக்குத்தான் வந்தது. அதைப் பதிந்துவிட்டு, சில மாதங்களில் நானும் முன்கூட்டியே ஓய்வு கேட்டு வந்துவிட்டேன்.

செம்பாறைக்கு யாரும் வரவில்லை. நியமனம் கொடுக்கப்பட்டவர் பொறுப்பேற்கவே இல்லை. குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. நர்ஸ் இருக்கிறாள், தெரிந்த மருந்தைக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் இப்போது கூட்டமில்லை, வந்து பயனில்லை என்று எல்லாருக்கும் தெரியும். போன முறை டிக்கோயா பஸ்ஸில் தங்கராஜைக் கண்டேன். "டொக்டர் புள்ள நல்லா இருக்குங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இன்னொரு டொக்டர் எப்போது வருவார் என்று அவர் கேட்கவில்லை.

சர்மிளா கிழமைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள். முதல் தடவை கூப்பிட்டபோது, "இங்க யாருக்காவது ஒண்ணுன்னா நாலஞ்சு டொக்டர் ஓடி வர்றோம்மா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது" என்றாள். அதைச் சந்தோசமாகச் சொல்கிறாளா என்று என்னால் பிடிக்க முடியவில்லை.

"அம்மா, என் எடத்துக்கு ஆள் வந்துட்டாங்களா?"

"வந்தாச்சு" என்றேன்.

"நெசமாவா? யாரு?"

"ஒரு பையன். மட்டக்களப்புப் பக்கமாம்."

"பேரு?"

"ரமணன்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று அடுத்த தடவை சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு கிழமையும் ரமணனைப் பற்றிக் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திறக்கிறாரா? திறக்கிறார். கோபப்படுவாரா? அமைதியான பையன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? நர்ஸ் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறார்கள்.

மழை தொடங்கியதும் கேட்டாள். "அம்மா, குவார்ட்டர்ஸ்ல ஜன்னல் பக்கம் கூரை ஒழுகும். கட்டில அங்க போட வேணாம்னு அவருகிட்டச் சொல்லுங்க. நெஞ்சுச் சளி புடிச்சிரும்."

சொல்கிறேன் என்றேன். அடுத்த கிழமை மறக்காமல் கேட்டாள். உள்பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டாராம் என்றேன்.